சேன் சிர்க் லப்போப்பி: பாறை உச்சி ஊருக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற கோடையில், பிரான்சில் உள்ள சேன் சிர்க் லப்போப்பி என்ற ஊரின் உச்சிப் பாறையில் நின்றிருந்தேன். கீழே, ஏறக்குறைய நூறு மீட்டர் பள்ளத்தில், லோட் ஆறு வளைந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம். தந்தை கடிகாரத்தைப் பார்த்தார், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்தார், உடனே கிளம்பச் சொல்லிவிட்டார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. முதல் முறை நானும் அதையேதான் செய்தேன்.

தொப்பி, தண்ணீர், நல்ல காலணி பற்றி எல்லோரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

போகிற வழியில் எட்டிப் பார்ப்பது

ஊர் தென்மேற்கு பிரான்சில், காவோர் நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. நான் முதல் முறை போனது ஆகஸ்ட் மாதம். காலை பத்தரைக்குக் காவோரிலிருந்து கிளம்பினோம். ஊருக்கு இரண்டு மணி நேரம், பிற்பகலில் பக்கத்திலுள்ள பெஷ் மேர்ல் குகை, இருட்டுவதற்குள் திரும்பல் என்பது கணக்கு.

காரை ஊருக்கு வெளியே கட்டணம் கட்டித்தான் நிறுத்த வேண்டும். எல்லா இடமும் நிரம்பியிருந்தது. சுற்றிச் சுற்றி ஓர் இடம் கிடைத்தபோது மணி பன்னிரண்டே முக்கால். மேலும் கீழும் அவசரமாக ஓடிவிட்டு இரண்டேகாலுக்குச் சாப்பிட உட்கார்ந்தால், அடுப்பை அணைத்துவிட்டார்கள். பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான். பசியோடு குகைக்குப் போனோம். ஓவியங்களைக் காப்பதற்காக அங்கே ஒரு நாளைக்கு 700 பேரைத்தான் விடுகிறார்கள். முன்பதிவு செய்யாமல் போன நாங்கள், பனியுகத்து மனிதர்கள் வரைந்த புள்ளிக் குதிரைகளைப் பார்க்காமலேயே டிக்கெட் சன்னலிலிருந்து திரும்பினோம்.

பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். கண்முன் இருந்ததைக் காணாமல் வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. வீடுகளின் கீழ்த்தளத்தில் இருந்த அகன்ற வளைவுகளைப் பார்த்துக் கடை வாசல் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். அவை மரம் கடைபவர்களின் பட்டறைகள். பீப்பாய்களில் பொருத்தும், திறந்து மூடும் மரக்குழாய்களை அங்கேதான் கடைந்தார்கள். கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் 1950இல் இந்த ஊரைப் பார்த்தார், அடுத்த ஆண்டே இங்கு வீடு வாங்கினார், 1966இல் இறக்கும்வரை கோடைதோறும் வந்தார். அந்த வீட்டையும் திரும்பிப் பார்க்காமல் நடந்திருக்கிறேன்.

அடுத்த முறை ஓர் இரவு தங்கினேன். மாலையில் கார்கள் இறங்கிப் போனதும் கல்தெருவில் என் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது. மறுநாள் விடியற்காலையில் ஆற்றைப் பனிமூட்டம் மூடியிருந்தது. அதன்மேல் செங்குத்தான ஓட்டுக் கூரைகள் மட்டும் தெரிந்தன. ஓர் இரவு தங்க முடியாதென்றால் காலை ஒன்பதுக்குள்ளாவது போய்ச் சேருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் இந்தப் பயணத்தில் இந்த ஊர் வேண்டாம்.

காரில் ஏறிக் காரிலேயே இறங்குவது

பூசியெஸ் என்ற சிற்றூரில் இறங்கி ஆற்றோரமாக நடந்து வாருங்கள். எதிர்நீச்சலில் வரும் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்த காலம் ஒன்று உண்டு. இங்கே பாறை நேரே தண்ணீருக்குள் இறங்குகிறது. கால் வைக்கக் கரையில்லை. அதனால் 1840களில் சுண்ணாம்புப் பாறையையே குடைந்து பாதை வெட்டினார்கள். தலைக்கு மேலே பாறைக் கூரை, ஒரு பக்கம் ஆறு. வழியில் சிற்பி தானியேல் மொன்னியே சுவரில் செதுக்கிய மீன்களும் சிப்பிகளும் வரும். நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். கடைசி ஏற்றம் கடுமையானது, ஆனால் ஊர் ஏன் அந்த உச்சியில் உட்கார்ந்தது என்பது அங்கிருந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான் புரிகிறது.

பஸ் மேலே வரும் என்று நம்புவது

வராது. காவோர்–ஃபிஜாக் பஸ் பள்ளத்தாக்கிலேயே, தூர் த ஃபோர் என்ற ஊரில் இறக்கிவிடும். பாலம் தாண்டி நடந்துதான் ஏற வேண்டும். சக்கரப் பெட்டியோடு வராதீர்கள்.

குளிர்காலத்தில் சாப்பாட்டை நம்பிப் போவது

பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் காவோரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.