செந்நாய்க் கூட்டத்துக்கு எதிரே: கூட்டுச் சண்டைத் திறன்களைப் பயன்படுத்தும் முறை

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் மூன்றாம் நிலையை எட்டிய குழுவினர், ஒவ்வொருவரும் தனித்தனியே வலிமை பெற்றிருந்தும், சேர்ந்து சண்டையிடத் தெரியாமல் தோற்பதைக் கோத்தகிரியில் எங்கள் வீட்டு மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். குறை பெரும்பாலும் திறன்களைத் தேர்ந்தெடுத்ததில் இருப்பதில்லை. அவற்றை யாருக்காக, யாருடைய முறைக்கு முன்னால் செலவிடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளின்படி, புதியவர்களுக்கு நான் கற்றுத்தரும் ஒரு சண்டையை வைத்தே இதை விளக்குகிறேன்.

புல்வெளி முடிந்து சோலைக்காடு தொடங்கும் விளிம்பில் நான்கு வீரர்களை ஐந்து செந்நாய்கள் மறிக்கின்றன. செந்நாய்க்கு நான் ஓநாயின் எண்களையே எடுத்துக்கொள்கிறேன்: ஆர்மர் கிளாஸ் (அடி விழத் தாக்குபவரின் பகடை மொத்தம் எட்ட வேண்டிய எண்) 13, உயிர்ப்புள்ளி 11. தாக்கப்படுபவரின் ஐந்து அடிக்குள் இன்னொரு செந்நாய் நின்றால் போதும், அது இருபது பக்கப் பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும். இந்த அட்வான்டேஜ் விலங்குக்குச் செலவில்லாமல் கிடைக்கிறது. நாமோ எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் பெற வேண்டும். (உயிர்ப்புள்ளி தீர்ந்த செந்நாய் காட்டுக்குள் ஓடிவிட்டதாகவே எங்கள் மேசையில் வைத்துக்கொள்வோம், முதுமலையில் அவற்றைக் கண்டவர்களுக்குக் கொல்ல மனம் வருவதில்லை.)

முதலில், யாருக்குப் பின் யார் ஆடுவது என்னும் இனிஷியேட்டிவ் வரிசையை ஒரு தாளில் எழுதி, எல்லோருக்கும் தெரியும்படி நடுவில் வையுங்கள். தன் முறை வந்ததும் ஒவ்வொருவரும் தமக்கு அடுத்த பெயரைப் பார்த்துவிட்டே செயலை அறிவிக்க வேண்டும்.

தன் அடியை விட்டுத் தோழரின் அடுத்த அடிக்கு அட்வான்டேஜ் தரும் ஹெல்ப் செயலைப் புதியவர்கள் தேவைக்கு மேல் நம்புகிறார்கள். தாக்கும்போது உருட்டிய எண்ணுடன் 4 கூட்டுபவருக்குச் செந்நாயைத் தொட 9 விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 60 விழுக்காடு, அட்வான்டேஜ் இருந்தால் 84. ஆகவே, தானும் அதே 60 விழுக்காட்டில் அடிக்கக்கூடிய ஒருவர், தோழருக்கு 24 கூட்டுவதற்காகத் தன் அடியை விடுவது நட்டக் கணக்கு. தன் அடி மிகவும் பலவீனமானதாக இருக்கும்போதோ, தோழரின் ஒரே அடி மிகப் பெரியதாக இருக்கும்போதோ மட்டும் ஹெல்ப் செய்யுங்கள். பதுங்கித் தாக்கும் வீரரான ரோக்கின், கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக்குக்கு ஹெல்ப் வேண்டும் என்று நினைப்பதும் தவறு, ஏனென்றால் இலக்கின் ஐந்து அடிக்குள் தோழர் ஒருவர் நின்றாலே அந்தக் கூடுதல் சேதம் கிடைத்துவிடும்.

இலக்கைக் கீழே தள்ளும் ஷவ் அதைவிடப் பயனுள்ளது, ஆனால் வரிசை தவறினால் நம் பக்கத்தையே அது கெடுக்கும். விழுந்த செந்நாயை ஐந்து அடிக்குள் நின்று தாக்குபவர்கள் எல்லோருக்கும் அட்வான்டேஜ் உண்டு. தொலைவிலிருந்து அம்பு விடுபவருக்கோ டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டும்), அவர் ரோக் என்றால் அதனால் ஸ்னீக் அட்டாக்கும் போய்விடும். ஒருமுறை, நேருக்கு நேர் மோதும் வீரரான ஃபைட்டராக விளையாடியவர் ஆவலோடு ஒரு செந்நாயைத் தள்ளிவிட, அடுத்த முறைக்காக வில்லோடு காத்திருந்த தம்பியின் முகம் வாடிவிட்டது. மறுசுற்றில் அவன், "அக்கா, இப்ப தள்ளாதீங்க, நான் அம்பு விட்டதுக்கு அப்புறம் தள்ளுங்க" என்று முன்னதாகவே சொன்னான். வரிசைத் தாளைப் பார்த்ததும் அவருக்கும் காரணம் புரிந்தது. செந்நாய் தன் முறையில் பாதி நடையைச் செலவிட்டு எழுந்துவிடும் என்பதால், அது எழுவதற்குள் வாளேந்தியவர்கள் அடிக்கும்படி இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தெய்வ அருளால் மந்திரம் போடும் கிளெரிக் இருந்தால் முதல் சுற்றிலேயே ப்ளெஸ் என்னும் மந்திரத்தைப் போடச் சொல்வேன். மூவரின் ஒவ்வொரு தாக்குதலுக்கும் சேவிங் த்ரோவுக்கும் (தீங்கைத் தாங்க உருட்டும் பகடை) அது நான்கு பக்கப் பகடை ஒன்றைக் கூட்டுகிறது. மேற்சொன்ன 60 விழுக்காடு 72.5 ஆகிறது, அட்வான்டேஜும் சேர்ந்தால் ஏறத்தாழ 92. ஹெல்ப் ஒரு அடியோடு முடிந்துவிடும். ப்ளெஸ் ஒரு நிமிடம் வரை நீடிக்கும். ஆனால் கிளெரிக் அடிபட்டால், 10 அல்லது சேதத்தில் பாதி, இவற்றில் எது பெரிதோ அந்த எண்ணுக்கு எதிராக, உடல் உறுதியைக் குறிக்கும் கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோ உருட்ட வேண்டும். தவறினால் மூவருக்கும் ப்ளெஸ் அறுந்துவிடும். ஆகவே அவரைச் சோலை மரத்தோடு ஒட்டி நிறுத்தி, திறந்த பக்கத்தில் ஃபைட்டரை நிற்கச் சொல்லுங்கள்.

ஃபைட்டர், போர் உத்திகளில் தேர்ந்த பேட்டில் மாஸ்டர் வகையினராக இருந்தால் கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக் என்னும் உத்தி மிக அருமையானது. தன் அடி ஒன்றையும், கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனையும் விட்டு, தோழரை அவருடைய முறைக்கு வெளியே செய்யக்கூடிய ரியாக்‌ஷனால் அடிக்க வைக்கிறார். ஸ்னீக் அட்டாக் ஒருவர் ஆடும் ஒவ்வொரு முறைக்கும் ஒருதடவை என்பதே விதி, ஒரு சுற்றுக்கு ஒருதடவை அல்ல; ஆகவே ஃபைட்டரின் முறையில் ரோக் அதை மீண்டும் பெறுகிறார். அந்த ரியாக்‌ஷனை ரோக் ஏற்கெனவே செலவிட்டிருந்தால் உத்தி வீணாகும். இதற்காக ஆளுக்கொரு நாணயத்தைத் தலைப்பக்கம் மேலாக முன்னால் வைத்து, ரியாக்‌ஷன் செலவானதும் கவிழ்த்து, தன் முறை தொடங்கும்போது திருப்பி வைக்கிறோம்.