கூடைக் கைப்பிடி: வெல்டிங் மிஷின் இல்லாமல் உலையிலேயே ஒட்டுவது எப்படி

நான்கு கம்பிகள் இரண்டு முனையிலும் ஒன்றாகச் சேர்ந்து, நடுவில் மட்டும் முறுக்கிக்கொண்டு உப்பி நிற்கும் கைப்பிடியைப் பார்த்திருப்பீர்கள். கதவுப் பிடி, விளக்குத் தாங்கி, அடுப்புக் கோல் என்று எதில் வைத்தாலும் அழகு. இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை முனையில் ஆர்க் வெல்டிங் வைத்து, கிரைண்டரால் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்தவை. தூரத்தில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாதுதான். ஆனால் வெல்டிங் மேல்தோலை மட்டும்தான் சேர்க்கிறது, நான்கு கம்பிக்கும் நடுவே உள்ளே இடைவெளி அப்படியே இருக்கும். அந்த முனையைக் காய்ச்சி நீட்டவோ கூராக்கவோ போனால் பிளந்துகொள்ளும். உலையில் காய்ச்சி அடித்து ஒட்டினது அப்படியில்லை, நான்கும் ஒரே இரும்பாகிவிடும். அதற்குப் பிறகு அதை இழுக்கலாம், சுருட்டலாம், இலையாகத் தட்டலாம். அலங்கார வேலைக்கு இந்த முறைதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இது நம் ஊருக்குப் புதிதில்லை. மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவை வளையமாக்கியதும், கோடாலி வாயில் எஃகு வைத்து அடித்ததும் இதே வேலைதான். டெல்லி இரும்புத் தூண், ஆறு டன்னுக்கு மேல் எடை, சுமார் 1600 ஆண்டு வயது, இரும்புக் கட்டிகளை ஒன்றோடு ஒன்று காய்ச்சி அடித்துச் சேர்த்தே எழுப்பப்பட்டது. மின் வெல்டிங் வந்ததும் உலக முழுக்க இது ஒதுங்கிப்போனது. பிலடெல்பியாவில் சாமுவேல் யெலின் (1884–1940) போன்றவர்கள் அலங்கார இரும்பு வேலையில் இதைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் பட்டறையில் வேலை பழகிய பிரான்சிஸ் விட்டேக்கர் பிற்காலத்தில் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்கக் கொல்லர்கள் 1973இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கிய பிறகு அங்கே இது மறுபடி தழைத்தது. இங்கேயும் தழைக்க வேண்டும் என்பதே என் ஆசை. உங்கள் ஊரில் வயதான ஆசாரி யாராவது இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அவரிடம் போங்கள். அவர் கண்ணால் பார்த்துச் சொல்வதை எழுத்தில் முழுதாகக் கொடுக்க முடியாது.

உலை மூட்டுவது, குறடு பிடிப்பது, கம்பியை நீட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என்ன வேண்டும்

6 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) ராடு, 15 செ.மீ. நீளத்தில் நான்கு துண்டு. உருண்டைக் கம்பி போதும், சதுரக் கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது, முகத்தோடு முகம் பொருந்தி உட்காரும். கட்ட, சென்ட்ரிங் வேலைக்குப் பயன்படுத்தும் கறுப்புக் கட்டுக்கம்பி. ஒரு கிலோ அளவில் ஒரு சுத்தியல், அதற்கு மேல் கனம் வேண்டாம். வெங்காரம் (போராக்ஸ்), நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். கண்ணாடி கட்டாயம், ஏனென்றால் அடிக்கும்போது உருகிய வெங்காரம் நாலா பக்கமும் தெறிக்கும். பருத்தி உடை மட்டும்தான், பாலியஸ்டர் சட்டையோடு உலை பக்கமே போகாதீர்கள்.

வெங்காரத்தை அப்படியே போட்டால் அதிலிருக்கும் தண்ணீர் பொங்கி, பாதி நெருப்பில் கொட்டிவிடும். அதனால் பழைய இரும்புச் சட்டியில் போட்டுச் சூடாக்குங்கள், பொரிந்து வெள்ளையாக உப்பும், ஆறியதும் பொடித்து மூடி வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த வெங்காரம் கம்பியில் நன்றாக ஒட்டும். அந்தச் சட்டியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது.

கரிக்கு என் ஓட்டு சீமைக்கருவேலக் கரிக்குத்தான். ராமநாதபுரம் பக்கம் இருந்து மூட்டையாக வருகிறது, சூடு நன்றாக நிற்கும். நிலக்கரியில் கந்தகம் இருந்தால் ஒட்டு கெடும், அது எரிந்து தீரும்வரை காத்திருக்க வேண்டும். கேஸ் உலையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு பட்டையை மடித்துப் பழகுங்கள்

நேராகக் கூடைக்குப் போக வேண்டாம். 20 க்கு 5 மி.மீ. பட்டை ஒன்றை எடுத்து, முனையில் 4 செ.மீ. மடித்து, அந்த மடிப்பை ஒட்டிப் பாருங்கள். மடிந்த துண்டு நழுவிப் போகாது என்பதால் உங்கள் கவனம் முழுக்க நெருப்பிலேயே இருக்கும். ஆறியதும் ஹாக்ஸாவால் குறுக்கே அறுத்து, அரம் போட்டுப் பாருங்கள். நடுவில் கறுப்புக் கோடு தெரிந்தால் ஒட்டவில்லை. கோடு இல்லாத துண்டு ஒன்று கையில் வந்த பிறகு கூடைக்குப் போகலாம்.

கட்டுவது

நான்கு கம்பியையும் துரு, செதில் (சூட்டில் இரும்பின் மேல் படியும் கறுப்பு ஓடு) இல்லாமல் தேய்த்து, முனைகளைச் சமமாகத் தட்டி, மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். முனையில் இருந்து 3 செ.மீ. உள்ளே ஒரு கட்டு, அந்தப் பக்கமும் அப்படியே, நடுவில் ஒன்று. ஒட்டப்போகும் முனை மேல் கட்டுக்கம்பி வரக் கூடாது.

நெருப்பு, நிறம், நேரம்

எனக்கு நெடுநாள் பிடிபடாத இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இரும்பு 1538 டிகிரியில்தான் உருகும். நமக்கு அவ்வளவு வேண்டாம், 1250–1300 டிகிரி போதும். அந்தச் சூட்டில் சுத்தமான இரண்டு இரும்பு முகங்கள் தொட்டாலே பிடித்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால் சூடான இரும்பு காற்றுப் பட்டதும் செதில் கட்டும். அந்தச் செதில் உருகச் சுமார் 1370 டிகிரி வேண்டும், எனவே அது கெட்டியாக இடையில் நின்று ஒட்ட விடாது. வெங்காரம் 743 டிகிரியிலேயே உருகி, செதிலைத் தன்னுள் கரைத்து, கண்ணாடிக் குழம்பாக்கிவிடும். நாம் அடிக்கும்போது அந்தக் குழம்பு வெளியே பிதுங்கிப் போகும். பல நாட்டுப் பழைய கொல்லர்கள் வெறும் சுத்தமான மணலைத் தூவியே இதைச் சாதித்தார்கள். அவர்கள் இரும்பிலேயே கசடு கலந்திருந்ததும் அதற்கு உதவியது. இன்றைய எம்.எஸ். கம்பிக்கு வெங்காரமே நல்லது.

சரி, நெருப்புக்கு வருவோம். காற்று வாய்க்குப் பக்கத்தில் கண் கூசும் வெளிச்சம் இருக்கும், இரும்பை அங்கேதான் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். அங்கே எரியாத காற்று மிச்சம் இருக்கிறது, அது இரும்பைச் செதிலாக்கித் தின்றுவிடும். கரியை ஆழமாகக் குவித்து, காற்று வாயில் இருந்து ஒரு சாண் அளவு தள்ளி, கரி நடுவில் இரும்பை நுழையுங்கள். மேலேயும் கரி மூடியிருக்க வேண்டும்.

முதலில் சிவப்பு வரட்டும். வெளியே எடுத்து, கம்பி பிரஷால் ஒரு தேய் தேய்த்து, உடனே வெங்காரப் பொடி தூவுங்கள், கம்பிகளின் இடுக்கில் இறங்க வேண்டும். திரும்ப உள்ளே. ஆரஞ்சு வரும், மஞ்சள் வரும். மஞ்சள் வந்ததும் அவசரப்பட்டு எடுப்பவர்கள்தான் அதிகம். வெளிக்கம்பி மஞ்சளாகிவிட்டது, நான்கும் தொடும் நடுப்பகுதி இன்னும் ஆகவில்லை. அதனால் மஞ்சள் வந்ததும் காற்றைக் குறையுங்கள், கட்டைத் திருப்பிப் போடுங்கள், கீழ்ப்பக்கம் மேலே வரட்டும், உள்சூடு வெளிச்சூட்டோடு சேரக் காத்திருங்கள். பிறகு காற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

இப்போது நிறத்தை விட மேற்பரப்பைப் பாருங்கள். வெங்காரம் கொதிப்பது அடங்கி, இரும்பின் மேல் உருகிய நெய் தடவினது போல ஒரு ஈரப் பளபளப்பு வழுக்கி ஓடும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இருந்த கறுப்புக் கோடு மறைந்து, நான்கும் ஒரே வெளிச்சமாகத் தெரியும். அதுதான் நேரம். சந்தேகமாக இருந்தால் மெல்லிய கம்பி ஒன்றை நெருப்புக்குள் விட்டுத் தொட்டுப் பாருங்கள், பிசின் தொட்டது போலப் பிடித்து இழுக்கும். பொறி கொத்தாகக் கிளம்பினால் தாண்டிவிட்டது, அந்த இரும்பு எரிகிறது, வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

வெயிலில் நின்று இதைச் செய்யாதீர்கள், நிறம் ஏமாற்றும். உலை நிழலில் இருக்கட்டும்.

அடி

6 மி.மீ. கம்பி நினைப்பதை விட வேகமாக ஆறும். பட்டறைக்கல் உலைக்கு ஒரு எட்டு தூரத்தில் இருக்க வேண்டும், சுத்தியல் கல் மேலேயே தயாராக இருக்க வேண்டும். சில்லென்றிருக்கும் கல்லும் சூட்டை உறிஞ்சும், ஒரு சூடான இரும்புக் கட்டையை முன்கூட்டி அதன் மேல் வைத்து எடுங்கள்.

முதல் அடி மெதுவாக இருக்கட்டும். ஓங்கி அடித்தால் கம்பிகள் விலகி ஓடிவிடும், சூடு சரியாக இருந்தால் தட்டினாலே பிடிக்கும். இரண்டு தட்டு, கால் சுற்றுத் திருப்பு, இரண்டு தட்டு, அவ்வளவுதான், திரும்ப உலைக்கு. இரண்டாவது முறை மறுபடி வெங்காரம் தூவி, அதே முழுச் சூட்டுக்கு ஏற்றி, இந்த முறை சற்று அழுத்தமாக அடித்துச் சதுரமாக்குங்கள். சதுரம் பிளவில்லாமல் வந்துவிட்டால் பிறகு எட்டுப்பட்டை, அப்புறம் உருண்டை.

மறுமுனைக்குப் போகும் முன் கம்பிகள் ஒரே நீளத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். முதல் முனையை அடித்ததில் ஒன்றிரண்டு நகர்ந்திருக்கும், வெட்டிச் சமப்படுத்தி, கட்டுக்கம்பியைப் புதிதாக இறுக்கி, அதே வேலையை அங்கேயும் செய்யுங்கள்.

முறுக்கு, பிறகு எதிர்முறுக்கு

இது சுலபமான பகுதி. நடுக்கட்டை அவிழ்த்துவிட்டு, நடுப்பகுதி முழுக்க ஒரே சீரான ஆரஞ்சு வரும்வரை காய்ச்சுங்கள். ஒரு முனை வைஸில், மறுமுனையில் ஸ்பேனர், ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று இறுக்கமாக முறுக்குங்கள். மறுபடி காய்ச்சி, எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்பிக்கொண்டே உள்நோக்கித் தள்ளுங்கள். கம்பிகள் விலகி உப்பிக் கூடை பிறக்கும். ஒரு கம்பி மட்டும் அதிகமாக விலகினால் அதன் மேல் சொட்டுத் தண்ணீர் விட்டு ஆற்றுங்கள், மற்றவை தொடர்ந்து நகரும். மிச்சத்தை ஸ்குரூடிரைவரால் நெம்பிச் சரிசெய்யலாம்.

கம்பி பிரஷ் போட்டு, கை தாங்காத ஆனால் நிறம் தெரியாத சூட்டில் தேன்மெழுகு தடவுங்கள். பெயின்ட் அடித்து மூடிவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள், இரும்பு இரும்பாகவே தெரியட்டும். வெளிவாசலில் மழை படும் இடம் என்றால் மட்டும் பெயின்ட் சரி.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்காக

வீடு கட்டி மீந்த டி.எம்.டி. கம்பியில் ஒட்டவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அதன் மேலுள்ள வரிகள் கம்பிகளைப் பொருந்த விடாது, இடுக்கில் செதில் தங்கும். வரியைத் தட்டிச் சமமாக்கிச் செய்யலாம்தான், ஆனால் முதல் வேலைக்கு வேண்டாம்.

ஜி.ஐ. கம்பியால் கட்டலாமா என்று கேட்டவருக்கு: கூடவே கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலுமாகப் படுக்க வைக்கும். ஜி.ஐ. கம்பி, கறுப்புக் கட்டுக்கம்பி இரண்டும் ஒரே கடையில்தான் கிடைக்கிறது, பார்த்து வாங்குங்கள்.

கேஸ் உலையில் முடியுமா? முடியும், வாயில் சற்று மஞ்சள் நாக்கு தெரியும் அளவுக்குக் கேஸைக் கூட்டி வையுங்கள், அப்போதுதான் உள்ளே மிச்சக் காற்று இருக்காது. சுடர் அப்படி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், எனவே மூடிய அறையில் வேண்டவே வேண்டாம். வெங்காரம் உலையின் உட்பூச்சை அரித்துவிடும், அடியில் தேய்ந்தால் மாற்றக்கூடிய செங்கல் தகடு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

10 மி.மீ. கம்பியில் பெரிய பிடி செய்ய நினைப்பவர்கள் உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிடித்துத் திருப்ப, அவர் சம்மட்டி போட வேண்டும், முதல் சுற்று அப்போதும் லேசாகத்தான்.