சுகாதார நடத்தை மாற்றம்: கோட்பாட்டில் அல்ல, நடத்தையில் தொடங்கிப் படியுங்கள்

பொதுச் சுகாதார முதுகலையில் இந்தப் பாடத்தை எடுப்பவர்கள் பலரும் முதல் வாரமே கோட்பாடுகளின் பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். தேர்வுக்கு அது போதும். களத்தில் போய் நிற்கும்போது எந்தக் கோட்பாட்டை எங்கே பொருத்துவது என்று தெரியாமல் திணறுவார்கள். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் நடத்தை, அடுத்து தடை, அதன் பிறகு கோட்பாடு.

நடத்தையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பழகுங்கள். யார், எதை, எங்கே, எப்போது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ‘மருத்துவமனையில் கைச் சுத்தத்தை மேம்படுத்துதல்’ என்பது நோக்கம்; நடத்தை அல்ல. ‘தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்கள், நோயாளியைத் தொடுவதற்கு முன், கட்டிலருகே இருக்கும் ஆல்கஹால் கரைசலை 20 முதல் 30 விநாடி கைகளில் தேய்ப்பது’ என்று எழுதினால்தான் அதை எண்ண முடியும். கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஐந்தையும் ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள். தொட்ட பின் கழுவுவதில் தன் பாதுகாப்பும் அடங்கியிருப்பதால் அது ஓரளவு தானாகவே நடந்துவிடும். தொடும் முன் கழுவுவதுதான் அதிகம் விடுபடும். இரண்டுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு.

தடையைக் கண்டுபிடிக்க, 2011-இல் சூசன் மிக்கியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட காம்-பி மாதிரி நல்ல தொடக்கம். திறன், வாய்ப்பு, ஊக்கம் ஆகிய மூன்றில் எது குறைகிறது என்று அது கேட்கிறது. வினாத்தாளை அச்சடிப்பதற்கு முன் சில ஷிப்டுகள் வார்டில் உட்கார்ந்து பாருங்கள். இரு கைகளிலும் மருந்துத் தட்டைப் பிடித்தபடி கட்டிலுக்கு வரும் செவிலியருக்குக் கரைசலைத் தொட ஒரு கைகூட மிச்சமில்லை. தட்டை வைக்க அங்கே மேசையும் இல்லை. இதை எந்த வினாத்தாளும் சொல்லாது. நேர்காணலில் ‘ஏன் கழுவுவதில்லை?’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் தற்காப்புக்குப் போய்விடுவார். ‘கடைசியாகக் கழுவாமல் விட்டது எப்போது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ என்று கேளுங்கள்.

மாணவர்களின் அறிக்கைகளில் மறுபடி மறுபடி வரும் தவறு, எல்லாத் தடையையும் அறியாமை என்று எழுதி, விழிப்புணர்வுச் சுவரொட்டியில் முடிப்பது. மேசை இல்லாத இடத்தில் சுவரொட்டி ஒட்டுவது, வசதிக் குறைவுக்கான பழியை அந்தச் செவிலியர் மேல் போடுவதாகும். இது ஆய்வுப் பிழை மட்டுமல்ல, அறப் பிழையும்கூட.

இனி கோட்பாடு. ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது என்று பார்த்துப் படியுங்கள். காசநோய் எக்ஸ்ரே பரிசோதனை இலவசமாகக் கிடைத்தும் மக்கள் ஏன் வரவில்லை என்று 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையில் ஆராய்ந்ததிலிருந்து வந்தது சுகாதார நம்பிக்கை மாதிரி; நோயின் ஆபத்து, செயலின் பயன், தடை ஆகியவற்றைப் பற்றி ஒருவர் நம்புவதை வைத்து அவர் நடத்தையை அது விளக்குகிறது. ஒருமுறை வந்து போகும் பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் அது நன்றாகப் பொருந்தும். தினசரிப் பழக்கத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கையை 1988-இல் அதில் சேர்த்ததன் காரணமும் இதுவே. மாற்றம் படிப்படியான நிலைகளில் நடக்கிறது என்னும் புரோச்சஸ்கா, டிக்ளமெண்டே இருவரின் நிலைகள் மாதிரி, புகைப்பதை விட்டவர்களை ஆராய்ந்து உருவானது. ஒரு நிலையை அடுத்ததிலிருந்து பிரிக்க அதில் வரும் 30 நாள், 6 மாத எல்லைகள் வசதிக்காக வகுத்த கோடுகள் என்ற விமர்சனத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

செய்ய வேண்டும் என்ற எண்ணமே செயலுக்கு இட்டுச் செல்கிறது என்னும் ஐசக் அய்சனின் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டைப் படிக்கும்போது, எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே உள்ள பள்ளத்தில் அதிக நேரம் செலவிடுங்கள். வெப், ஷீரன் இருவரும் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து 2006-இல் செய்த தொகுப்பாய்வில், மாற்றம் எவ்வளவு பெரியது என்பதைக் காட்டும் விளைவு அளவு (d) எண்ணத்தில் 0.66 வந்தும் செயலில் வந்தது 0.36 மட்டுமே. ‘செய்வேன்’ என்று சொன்னவர்களின் எண்ணிக்கையை வெற்றியாக எழுதக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்து, நடத்தையை மாற்றும் நுட்பங்கள். 2013-இல் வெளிவந்த வகைப்பாடு 93 நுட்பங்களை 16 குழுக்களாகப் பிரிக்கிறது. மனப்பாடம் வேண்டாம். அச்சான ஆய்வு ஒன்றை எடுத்து, இருவர் தனித்தனியாக அதிலுள்ள நுட்பங்களைக் குறித்து, பிறகு ஒப்பிடுங்கள். ‘கல்வி அளிக்கப்பட்டது’ என்ற வரியில் கட்டாயம் முரண்படுவீர்கள், ஏனென்றால் அதில் நுட்பமே சொல்லப்படவில்லை. உங்கள் திட்டத்தை எழுதும்போது யார், எத்தனை முறை, எவ்வளவு நேரம் கொடுக்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அளவீட்டில்தான் பல ஆய்வேடுகள் சரிகின்றன. தாமே சொல்லும் பதில் கூடுதலாகத்தான் வரும். பக்கத்தில் நின்று பார்த்தாலும், பார்க்கப்படுகிறோம் என்பதாலேயே கை கழுவுவது கூடும். பார்ப்பவர் அங்கே இருப்பது செவிலியர்களுக்குப் பழகும் வரை முதல் சில அமர்வுகளின் பதிவை ஒதுக்கிவிடுங்கள். செலவான கரைசலின் அளவைத் துணைச் சான்றாக வைக்கலாம், ஆனால் யார் எப்போது பயன்படுத்தினார் என்பதை அது காட்டாது. மிக மோசமான வார்டை மட்டும் தேர்ந்தெடுத்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த அளவீட்டில் அது சராசரியை நோக்கி நகரக்கூடும். ஒப்பீட்டு வார்டு இல்லாமல் அந்த ஏற்றத்தை உங்கள் கணக்கில் எழுத முடியாது. குலுக்கல் முறையில் வார்டுகளைப் பிரித்தால், பகுப்பாய்விலும் வார்டை அலகாகக் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டே வார்டுகளில் 80 செவிலியர் இருந்தாலும், ஒப்பிடப்படுவது இரண்டு வார்டுகள்தான். இதைப் புள்ளியியல் ஆசிரியரிடம் தரவு சேகரிக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.