விண்வெளி வானிலை எச்சரிக்கையைப் படித்தறியும் முறை

"கடும் சூரியப் புயல் இன்றிரவு பூமியைத் தாக்கப் போகிறது, கைப்பேசியை அணைத்து வையுங்கள்" என்ற செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. அதை நம்புவதா தள்ளுவதா என்று தீர்மானிக்க வானியல் படித்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் இயங்கும் விண்வெளி வானிலை முன்னறிவிப்பு மையம் தன் தகவல்களை இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகிறது. அவற்றில் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியவை ஆர் (R), எஸ் (S), ஜி (G) என்னும் மூன்று எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை படிநிலை உண்டு. இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதுதான் வதந்திகளின் தொடக்கம்.

ஆர் என்பது ரேடியோத் தடை. சூரியனில் திடீரென வெடித்தெழும் கிளரொளியின் எக்ஸ் கதிர்கள், நமக்கு மேலே மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தின் கீழடுக்கைத் தடிக்கச் செய்வதால் சிற்றலை வானொலி அலைகள் உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. அக்கதிர்கள் ஒளியின் வேகத்தில், எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேலான நேரத்தில் வந்துவிடுவதால், எச்சரிக்கையை நாம் வாசிக்கும்போது அடி ஏற்கெனவே விழுந்திருக்கும். பகலாக இருக்கும் பாதி உலகையே இது பாதிக்கும். ஆகவே குறிப்பிடப்படும் யுடிசி (UTC) எனப்படும் உலகப் பொது நேரத்துடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். அப்போது இங்கே இரவு என்றால் அந்த எச்சரிக்கை நமக்குரியதன்று. பகல் என்றால் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர்களும் கடல் கடக்கும் விமானங்களும் சிறிது நேரம் சிரமப்படுவார்கள்.

ஜி என்பது புவிகாந்தப் புயல். சூரியனின் கொரோனா எனப்படும் வெளி வளிமண்டலத்திலிருந்து வீசியெறியப்படும், மின்னூட்டத் துகள்களாலான பிளாஸ்மா முகில் பூமியை வந்தடையப் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள்கள் ஆகும். முன்கூட்டியே எச்சரிக்க உண்மையில் வாய்ப்புள்ள புயல் இதுதான். புவிகாந்த அலைவை 0 முதல் 9 வரை அளக்கும் கேபி (Kp) எண் 5 ஆனால் ஜி1, 9 ஆனால் ஜி5. இங்கும் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். 2024 மே மாதப் புயல் ஜி5 நிலையைத் தொட்டது மே 10, யுடிசி 22:54 மணிக்கு. நம் கணக்கில் அது மே 11 அதிகாலை 4:24. 'பத்தாம் தேதிப் புயல்' என்று படித்துவிட்டுப் பத்தாம் தேதி மாலையில் வானத்தைப் பார்த்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. லடாக்கின் ஹான்லேவில் மே 11 விடியுமுன் சிவப்புத் துருவ ஒளி படமாகப் பதிவானது.

முகில் கிளம்பிவிட்டது என்பதாலேயே புயல் உறுதியாகிவிடாது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக ஏறக்குறைய 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்1 புள்ளியில், சூரியனிலிருந்து இடைவிடாமல் வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றை அளக்கும் விண்கலங்கள் நிற்கின்றன. 2024 ஜனவரி 6 முதல் இந்தியாவின் ஆதித்யா-எல்1 கலமும் அங்கேதான் சுற்றிவருகிறது. அங்கிருந்து வரும் வரைபடத்தில் பிஇசட் (Bz) என்னும் கோட்டைத் தேடுங்கள். காற்றோடு வரும் காந்தப்புலம் வடக்கு நோக்கியதா, தெற்கு நோக்கியதா என்பதை அது காட்டும். கோடு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் அங்கேயே கிடந்தால், பூமியின் காந்தக் கவசம் திறந்துகொண்டு ஆற்றல் உள்ளே பாய்கிறது என்று பொருள். மேலேயே நின்றால் பெரிய முகிலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் கடந்துபோகும். இந்த ஒரு கோட்டைப் படிக்கக் கற்றவர் செய்தித் தலைப்புகளை நம்பியிருக்கத் தேவையில்லை. ஆனால் எல்1 தரும் அவகாசம் பதினைந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரைதான்.

படிநிலை எண் சிறியதென்றால் சேதமும் சிறியது என்று கொள்ளக் கூடாது. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாண மின்கட்டமைப்பு ஒன்றரை நிமிடத்தில் சரிந்து, 60 லட்சம் மக்கள் சுமார் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தது பெரும்புயலின் விளைவு. மாறாக, 2022 பிப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை இழக்கப்பட்டதற்குக் காரணம் சாதாரணப் புயல்தான். வெப்பமடைந்து உப்பிய மேல் வளிமண்டலம் தாழ்வான பாதையிலிருந்த அவற்றைக் கீழே இழுத்துவிட்டது.

தென் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடி வழியே செல்வதால்தான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருக்கிறது. இப்பகுதியில் சூரியன் மறைந்தபின் அயனி மண்டலத்தில் குமிழிகள் எழுந்து, ஜிபிஎஸ் சமிக்ஞையை விண்மீனைப்போல மினுமினுக்கச் செய்கின்றன. மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், அதிலும் சூரியன் சுறுசுறுப்பாக உள்ள ஆண்டுகளில், இது மிகுதி. நில அளவையாளர் ஒருவர் மாலை ஏழரை மணிக்கு ரோவர் என்னும் ஜிபிஎஸ் அளவைக் கருவியை ஊன்றி நிற்கும்போது, திரையில் 'ஃபிக்ஸ்' (அளவு உறுதி) என்று இருந்தது காரணமின்றி 'ஃப்ளோட்' (அளவு உறுதியில்லை) ஆகி, சென்டிமீட்டர் துல்லியம் கைநழுவுவது இதனால் இருக்கலாம். அப்போது கேபி எண் 2 ஆகக்கூட இருக்கும். சில புயல்கள் இக்குமிழிகளை எழாமல் அடக்குவதும் உண்டு. எனவே கேபியை மட்டும் காட்டும் ட்ரோன் செயலிகளை நம் ஊரில் அப்படியே நம்புவது சரியன்று. துல்லியமான அளவீட்டை மாலைக்குமுன் முடியுங்கள். முடியாவிட்டால் ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு புள்ளியை மறுபடி அளந்து சரிபாருங்கள். கைப்பேசியில் வழி தேடுபவருக்கு இது பொருட்டன்று.

இதனால் உடலுக்குத் தீங்கு உண்டா என்ற கேள்விக்கு எஸ் என்னும் எழுத்தே விடை தரும். அது சூரியனிலிருந்து வரும் ஆற்றல்மிக்க புரோட்டான்களைக் குறிக்கிறது. தரையில் இருப்பவரை வளிமண்டலம் காக்கிறது. கைப்பேசியை அணைப்பதால் கூடுதலாக எந்தக் காப்பும் கிடைக்காது. எஸ்2 நிலையிலிருந்து, துருவங்களை ஒட்டி உயரப் பறக்கும் விமானங்களில் கதிரியக்க அளவு சற்றே கூடலாம் என்பதால் நிறுவனங்கள் பாதையை மாற்றுவதுண்டு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்பவருக்கு அக்கவலை வேண்டாம். உண்மையான ஆபத்து விண்வெளி வீரர்களுக்கே. 1972 ஆகஸ்டில் எழுந்த கதிரியக்கப் புயல், ஏப்ரலில் சென்ற அப்பல்லோ 16க்கும் டிசம்பரில் சென்ற அப்பல்லோ 17க்கும் இடையே விழுந்தது நல்வாய்ப்பு. நிலவின் தரையில் வீரர்கள் நடந்துகொண்டிருந்தால் கடும் கதிர்நோய்க்கு ஆளாகியிருக்கக்கூடும்.

கருவி எதுவும் இல்லாமல் சூரியக் காற்றைக் காண விரும்புவோருக்கு வால்மீன் இருக்கிறது. வால்மீனுக்கு இரண்டு வால்கள்: வளைந்து மங்கிய மஞ்சளாகத் தெரிவது தூசு வால், சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் நீலமாக நீள்வது அயனி வால். இந்த இரண்டாவது வாலின் போக்கை வைத்தே 1951இல் ஜெர்மானிய வானியலாளர் லுட்விக் பியர்மன் சூரியனிலிருந்து இடைவிடாமல் துகள்கள் வீசுகின்றன என்று ஊகித்தார். 1958இல் அதற்கு அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் எழுதிய கோட்பாட்டுக் கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் இருவரும் நிராகரித்தபோது, அதை வெளியிட்ட இதழாசிரியர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். 2007 ஏப்ரல் 20 அன்று என்கே வால்மீனின் அயனி வாலை ஒரு பிளாஸ்மா முகில் முழுதாக அறுத்தெறிந்ததை நாசாவின் ஸ்டீரியோ-ஏ விண்கலம் படமெடுத்தது. பின்னர் புது வால் முளைத்தது.

அடுத்து ஒளிமிக்க வால்மீன் வரும்போது கேமராவை முக்காலியில் பொருத்தி, அரைமணிக்கு ஒரு படமாக எடுத்து, வரிசையாக வைத்துப் பாருங்கள். அயனி வாலில் மடிப்போ முறிவோ நகர்ந்து சென்றால் அங்கே காற்று மாறியிருக்கிறது. அதை எல்1 வரைபடத்தோடு ஒப்பிடும்போது மட்டும் ஒன்றை மறக்க வேண்டாம்: வால்மீன் நிற்கும் திசையில் வீசும் காற்று வேறு, பூமியை நோக்கி வருவது வேறு.