ட்ரோன் வாங்கியாச்சா? கிளப்பும் முன் சட்டத்தைச் சரிபார்க்கும் முறை

ட்ரோன் விதிகளை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்பது மட்டும்தான் பலருக்கும் தெரியும். அது 2021 ட்ரோன் விதிகளின்படி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) விதிக்கக்கூடிய உச்ச வரம்பு. பிரச்சினை அதோடு முடிவதில்லை. ஒரே ஒரு பறத்தலுக்காக விமானச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது), சுங்கச் சட்டம் எல்லாம் தனித்தனியாக உங்கள் மேல் பாயலாம். ட்ரோனை மேலே ஏற்றும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும், தவறினால் எந்தச் சட்டம் வரும் என்று வரிசையாகப் பார்ப்போம். இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவுக்குப் பொருந்துவது.

படி 1: எடை போடுங்கள்

பெட்டியில் அச்சிட்ட எடையை நம்ப வேண்டாம். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பேட்டரி, இறக்கைகள், மெமரி கார்டு, லென்ஸ் ஃபில்டர், இறக்கைக் காப்பு என்று பறக்கும்போது மேலே போகிற எல்லாவற்றையும் மாட்டி வையுங்கள். 250 கிராம் வரை நானோ; அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ.

249 கிராம் ட்ரோனில் நீண்ட நேரம் ஓடும் பெரிய பேட்டரியைப் போட்டால் எடை 290 கிராம் அளவுக்குப் போய்விடும். அந்த நிமிடமே அது மைக்ரோ. நானோவுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமில்லை, மைக்ரோவுக்கு உண்டு. மைக்ரோவைப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு கல்யாண வீட்டில் பறக்கவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். "சும்மா தெரிந்தவர் வீடுதான், பெட்ரோல் காசு கொடுத்தார்" என்ற விளக்கம் விசாரணையில் எடுபடும் என்று நம்பாதீர்கள்.

நானோவுக்கு எந்த விதியும் கிடையாது என்பது யூடியூபில் பரவிய தவறான தகவல். பதிவு எண், தடை மண்டலம், பிறர் பாதுகாப்பு மூன்றும் அதற்கும் உண்டு.

படி 2: பில், பதிவு எண்

2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோனாகவோ, உதிரியாகப் பிரித்து இங்கே பூட்டும் வகையிலோ இறக்குமதி செய்யத் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறைகளுக்கு மட்டும் விலக்கு. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பெட்டியில் ட்ரோன் இருந்தால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம், தண்டத்தொகையும் சேரலாம். பில் இல்லாமல் "வெளிநாட்டுச் சரக்கு" என்று விற்பவரிடம் வாங்கினால் அந்தச் சிக்கல் உங்கள் கைக்கு மாறுகிறது.

அடுத்து, அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கை வழியே தனி அடையாள எண் பெற வேண்டும் (இந்தச் சேவைகள் இப்போது டிஜிசிஏவின் இ-ஜிசிஏ தளத்துக்கு மாறிவருகின்றன). கட்டணம் 100 ரூபாய். எண்ணை ட்ரோனின் உடலில் ஒட்டுங்கள். கழற்றி மாற்றும் பேட்டரியில் ஒட்டினால் பயனில்லை.

படி 3: வரைபடம், இரண்டு முறை

டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நீங்கள் பறக்கப்போகும் இடத்தைத் தேடுங்கள்.

- பச்சை: தரையிலிருந்து 120 மீட்டர் வரை அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் இந்த வரம்பு 60 மீட்டர்தான்.
- மஞ்சள்: வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும்.
- சிவப்பு: மத்திய அரசின் அனுமதி வேண்டும். பொழுதுபோக்குக்காகக் கேட்டுப் பார்க்கும் இடமல்ல.

முந்தின நாள் பார்த்தது போதாது, கிளம்பும் முன் மறுபடி பாருங்கள். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்க முடியும். தலைவர்கள் வருகையின்போது காவல் துறை தனியாகத் தடை உத்தரவும் போடும். அதை மீறினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 223: ஆறு மாதம் வரை சிறை, உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் மீறல் என்றால் ஓராண்டு வரை.

கல்பாக்கம், கூடங்குளம், அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி, உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து பக்கம் ட்ரோனை எடுக்கவே வேண்டாம். கடற்படைத் தளங்களைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குத் தடை இருக்கிறது. அங்கே எடுத்த படம் 1923 அலுவல் ரகசியச் சட்டத்தின் கீழ் விசாரணைக்கு இழுத்துவிடும். தண்டனை வரை போகாவிட்டாலும் செல்போனும் கணினியும் மாதக்கணக்கில் தடயவியல் ஆய்வகத்தில் கிடக்கும். மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடங்களில் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும்; காட்டுப் பகுதியில் வனத்துறையிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று: ட்ரோன் ஆப் பறக்க விடுகிறது என்பதால் சட்டமும் விடுகிறது என்று அர்த்தமில்லை. ஆப்பில் இருப்பது தயாரிப்பாளரின் வரைபடம்.

படி 4: உயர அமைப்பு

புதியவர்கள் தெரியாமலே சட்டத்தை மீறுவது பெரும்பாலும் இங்கேதான். திரையில் தெரியும் உயரம் நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. சட்டம் பார்ப்பது ட்ரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து. மலை விளிம்பில் நின்று கிளப்பிப் பள்ளத்தாக்கின் மேல் கொண்டுபோனால் திரை 40 மீட்டர் காட்டும். உண்மையில் 300 மீட்டருக்கு மேல் இருக்கும்.

"வீடு திரும்பும் உயரம்" என்ற அமைப்பையும் பாருங்கள். 60 மீட்டர் வரம்புள்ள இடத்தில் அது 100 மீட்டர் என்று இருந்தால், சிக்னல் அறுந்தவுடன் ட்ரோன் தானாக ஏறி வரம்பை உடைக்கும். சுற்றியுள்ள உயரமான மரம், டவரைவிட 10-15 மீட்டர் கூடுதலாக வையுங்கள். அது வரம்புக்குள் அடங்காவிட்டால் வேறு இடம் தேடுங்கள். ஜிபிஎஸ் பிடித்து, கிளப்பிய இடம் பதிவானது என்று திரை சொல்லும் வரை பொறுங்கள். அவசரப்பட்டால் தவறான இடத்துக்குத் திரும்பி யார் வீட்டு மாடியிலாவது இறங்கும்.

படி 5: கண்ணுக்கு எட்டும் தூரம்

திரையைப் பார்த்து ஓட்டுவது கண்ணால் பார்ப்பதாகாது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பாலிசேட்ஸ் காட்டுத்தீயின்போது ஒருவர் சாண்டா மோனிகாவில் கார் நிறுத்தக் கட்டடத்தின் மாடியிலிருந்து டிஜேஐ மினி 3 ப்ரோவைக் கிளப்பி 2,500 மீட்டருக்கு மேல் ஓட்டினார். கண்ணிலிருந்து மறைந்த ட்ரோன் தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் ஓட்டை போட்டது. பழுதுபார்க்க விமானத்தைத் தரையில் நிறுத்த வேண்டியதாயிற்று. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர் குறைந்தது 65,169 டாலர் இழப்பீடும் 150 மணி நேர சமூக சேவையும் ஏற்றார். அது 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோன்.

இந்தியாவில் ஆபத்து விளையும்படி வேண்டுமென்றே பறக்கவிட்டால் விமானச் சட்டப்படி (2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம்) இரண்டு ஆண்டு சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை போகலாம். அஜாக்கிரதையால் ஒருவருக்குக் கொடுங்காயம் ஏற்பட்டால் சன்ஹிதா 125-இன்படி மூன்று ஆண்டு வரை. உயிர் போனால் 106-இன்படி ஐந்து ஆண்டு வரை. திருவிழாக் கூட்டத்துக்கு மேலே பறக்கவிடாதீர்கள் என்பதற்கு இதுவே காரணம்: இறக்கை ஒன்று உடைந்தால் நான்கு இறக்கை ட்ரோன் மிதந்து இறங்காது, அப்படியே விழும்.

கேமரா விஷயம் தனி. பெண் ஒருவர் அந்தரங்கமாக இருக்கும் நேரத்தில் படம் எடுத்தால் சன்ஹிதா 77: முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாத, மூன்றாண்டு வரையான சிறை. மொட்டை மாடிகளைத் தாண்டும்போது கேமராவை அடிவானத்தை நோக்கித் திருப்பி வையுங்கள்.

படி 6: விழுந்துவிட்டால், போலீஸ் வந்துவிட்டால்

காயம்பட்டவருக்கு முதலில் உதவி. விபத்தை 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கை வழியே டிஜிசிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் வீட்டுக்குள் கொண்டுவராமல் மணல் நிரப்பிய இரும்பு வாளியில் போடுங்கள்.

மெமரி கார்டையும் பறத்தல் பதிவுகளையும் அழிக்காதீர்கள். அபராதத்தோடு போயிருக்கக்கூடிய விஷயம், சாட்சியத்தை மறைத்தல் என்ற சன்ஹிதா 238 வழக்காகப் பெருகும். பல சமயம் அந்தப் பதிவேதான் நீங்கள் 120 மீட்டருக்குள் இருந்ததையும் நிரூபிக்கும்.

ட்ரோனைக் கைப்பற்றினால் ரசீது கேட்டு வாங்குங்கள். அதில் மாடல், தொடர் எண், பேட்டரி எண்ணிக்கை, கார்டு எல்லாம் எழுதியிருக்க வேண்டும். திரும்பப் பெற, வழக்குரைஞர் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் இடைக்கால ஒப்படைப்பு மனு போட வேண்டும். அப்போது கேட்கும் முதல் இரண்டு காகிதங்கள் வாங்கிய பில்லும் அடையாள எண் சான்றும்.