மட்டத்தேளுக்கு இரை: உயிரோடு போடுவதா, கொன்று போடுவதா?

வீட்டில் வளர்க்கும் மட்டத்தேளுக்கு (பூரானுக்கு) ஓடுகிற இரைதான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குக் கண் மந்தம். மணத்தையும் உணர்கொம்பில் படுவதையும் வைத்துத்தான் இரையை அறியும். அப்போதுதான் செத்த சில்லூறை (சுவர்க்கோழிப் பூச்சியை) நீண்ட சாவணத்தால் பிடித்து உணர்கொம்பில் மெதுவாகப் பட வைத்தால், பெரும்பாலானவை உடனே வளைந்து பிடித்துக்கொள்ளும். ஆகவே உயிரோடு போடுவது பெரும்பாலும் வளர்ப்பவரின் பழக்கம்தான், சில வேளை வேடிக்கை பார்க்கும் ஆசையும்கூட.

பூச்சிக்கு வலி தெரியுமா என்பதற்கு முடிவான விடை இல்லை. 2022இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, வலியுணர்வைக் கணிக்கும் எட்டு அளவுகோல்களில் ஆறுக்கு வளர்ந்த கரப்பொத்தானிலும் ஈயிலும் வலுவான சான்று இருப்பதாகச் சொன்னது. வலி தெரியும் என்று வைத்தே நடந்துகொள்வது நல்லது.

கொல்லும் முறையில்தான் அதிகம் பிழை நடக்கிறது. தலையை மட்டும் நசுக்கினால் கரப்பொத்தான் சாகாது. நரம்பு முடிச்சுகள் உடல் நெடுகப் பரவிக் கிடக்கின்றன, மூச்சும் உடற்பக்கத் துளைகளால்தான். தலை போன கரப்பொத்தான் பல நாள் உயிரோடு கிடக்கும். தட்டையான கல்லில் வைத்து, தலையும் கால்கள் முளைக்கும் நடுப்பகுதியும் சேர்ந்து நசுங்கும்படி ஒரே அடி அடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கொடுத்துவிடுங்கள். உள்ளீரம் வெளிவந்திருக்கும்போதுதான் மணம் தூக்கும். பிரீசரில் வைப்பவர்கள் அரை மணியில் எடுத்துவிடுகிறார்கள், சூடு பட்டதும் அது எழும்பி நடக்கும். முதலில் பிரிட்ஜில் அரை மணி வைத்து மயக்கி, பிறகு பிரீசரில் முழுதாக 24 மணி நேரம் விட வேண்டும். இடையில் கரண்ட் போனால் நேரத்தைப் புதிதாக எண்ணுங்கள். கொடுக்குமுன் குளிர் விட அரை மணி வெளியில் வையுங்கள்.

சில்லூறு துள்ளாதிருக்கப் பின்னங்காலை முறித்துப் போடும் வழக்கம் ஒன்று உண்டு. மட்டத்தேளுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. அவ்வளவு தூரம் போகிறவர் கொன்றே போடலாம்.

புதிதாக வந்த மட்டத்தேள் செத்ததைத் தொடவே மாட்டேன் என்று நின்றால் மட்டும் உயிர் இரை கொடுங்கள். ஒன்றே ஒன்று, மட்டத்தேளின் நீளத்தில் மூன்றிலொன்றுக்கு மேல் போகாதது. பக்கத்திலேயே நில்லுங்கள். பசியுள்ள மட்டத்தேள் நச்சுக்கொடுக்கால் (தலையடியில் உள்ள நச்சுக் காலால்) கவ்விக்கொள்ளும். இரையின் துடிப்பு விரைவில் அடங்கும். ஒரு மணி நேரத்தில் பிடிக்காவிட்டால் இரையை எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க விட்டுவைப்பது இரண்டு உயிருக்கும் கேடு. சட்டை கழற்றப்போகும் மட்டத்தேள் கிழமைக்கணக்கில் தின்னாது. கழற்றி மெத்தென்று கிடக்கும்போது, விட்டுப்போன சில்லூறே அதைக் கடித்துக் குதறும். நச்சுக்கொடுக்கின் நுனி மீண்டும் கறுத்த பிறகுதான் அடுத்த இரை. பொதுவாகப் பத்து நாள் பொறுத்தால் போதும்.

15 சென்ரிமீற்றர் மட்டத்தேளுக்கு 7 முதல் 10 நாளுக்கு ஒரு சில்லூறு போதும். முதுகுத் தட்டுகளுக்கு இடையில் வெள்ளைச் சவ்வு தெரிய உடல் ஊதியிருந்தால் அந்தத் தடவை இரை போடாதீர்கள். தின்னாமல் கிடந்ததையும் மிச்சத்தையும் 24 மணிக்குள் அகற்றாவிட்டால் உண்ணி பெருகும்.

இரையை வெளியில் பிடிப்பதானால் இடம் பார்க்க வேண்டும். கிழக்கிலங்கையில் படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கத்திலும் நெற்போக காலத்தில் வயலோரம் பிடிக்கும் தத்துவெட்டியில் கிருமிநாசினி இருக்கக்கூடும். வீட்டுக் கரப்பொத்தான் மருந்து அடித்த இடத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். நஞ்சு மட்டத்தேளின் கால்களைப் பின்ன வைத்துக் கொல்லும். கல்லோயா, லகுகலை போன்ற தேசிய பூங்காக்களுக்குள் எதையும் பிடிப்பது குற்றம். புலிமுகச் சிலந்தி, மின்மினி, சரக்கட்டை (மரவட்டை) ஆகியவற்றை இரையாக்க வேண்டாம்: முதலாவது அருகிவரும் இனம், மற்றவை நஞ்சு சுரப்பவை. எலிக்குஞ்சு, பல்லி, தவளை போட்டுப் படம் பிடிப்பதற்கு நாங்கள் எந்த நியாயமும் காணவில்லை. பூச்சியிலேயே அதன் தேவை முடிந்துவிடும்.

சில்லூறை வீட்டிலேயே வளர்ப்பது எளிது. 20 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி, முட்டைத் தட்டு இரண்டு, மூடியில் உலோக வலை (நைலோன் வலையைக் கடித்துவிடும்). கோழித்தீனும் கீரையும் போடுங்கள். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் மூழ்கும், நனைத்த பஞ்சில் வையுங்கள். தண்ணீரோ புரதமோ குறைந்தால் ஒன்றையொன்று தின்னும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பஞ்சு ஒரே நாளில் காய்ந்துவிடும், காலையும் மாலையும் பாருங்கள். மாரியில் எதிர்மாறு, தீன் பூஞ்சணம் பிடிக்கும். நாள்தோறும் மாற்றுங்கள்.

முட்டையிட 4 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஈரத் தும்புத்தூள் கிண்ணம் வைத்து, இரண்டு நாளில் வெளியே எடுத்துவிடுங்கள். எங்கள் வெக்கையில் ஏறக்குறைய இரண்டு கிழமையில் பொரிக்கும். கிண்ணத்தை விட்டுவைத்தால் ஒரு மட்டத்தேளுக்காக ஆயிரம் சில்லூறு பிறந்து நெருக்கடியில் சாகும். ஆண்டுக்கு ஐம்பதுதான் தேவை. மிஞ்சியதை நாட்டுக்கோழிக்குப் போடலாம், கோழி ஒரே கொத்தில் முடித்துவிடும். கோழிக்கூட்டடியில் பிடித்த மண் கரப்பொத்தானை மட்டும் கோழிக்குப் போடாதீர்கள். கோழியின் கண்ணில் வாழும் புழு அதன் வழியாகத்தான் பரவுகிறது.