லுத்தரன் போதகர் படங்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, பொள்ளாச்சிப் பக்கம் ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் படம் திரையிட்டால், மறுநாள் வரும் விமர்சனங்களில் போதகர் கத்தோலிக்க ஃபாதராகிவிடுவார். பெரிய கடை வீதி மிக்கேல் பேராலயத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இயல்புதான். ஆனால் மார்ட்டின் லுத்தர் வழிவந்த புராட்டஸ்டண்ட் சபையான லுத்தரன் சபையில் போதகருக்குத் திருமணத் தடை கிடையாது. லுத்தரே 1525இல், கன்னியர் மடத்திலிருந்து வெளியேறிய கத்தரினா ஃபொன் போராவை மணந்தவர்.

பெர்க்மனின் ‘விண்டர் லைட்’ (1963) படத்தில் போதகர் தோமஸ், ஆசிரியை மார்த்தாவை ஒதுக்குகிறார். “துறவு விரதம் தடுக்கிறது” என்று எழுதினால் படமே கைநழுவிப்போகும். அவர் மனைவியை இழந்தவர். மறுமணத்துக்குச் சபை குறுக்கே நிற்கவில்லை. வகுப்பறையில் அவளுடைய தோல்நோய், கிட்டப்பார்வை, ஓயாத அக்கறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுகிறாரே, அந்தக் கொடுமைக்கு விதியைச் சாக்காகச் சொல்ல அவருக்கு வழியில்லை.

அடுத்தது ஆண்டுக் குழப்பம். கதை நடக்கும் ஆண்டையும் படம் வந்த ஆண்டையும் தனித்தனியே குறித்துக்கொண்டு, கதையில் பெண் போதகர் வர முடியுமா என்று பார்க்க, அந்த நாட்டில் பெண்கள் முதலில் குருப்பட்டம் பெற்ற ஆண்டோடு ஒப்பிடுங்கள்: டென்மார்க் 1948, ஸ்வீடன் 1960, நார்வே 1961, ஃபின்லாந்து 1988. பெர்க்மனின் ‘ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்’ வந்தது 1982இல். கதை தொடங்குவது 1907 கிறிஸ்துமஸில். உடைமையெல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையோடு வரச் சொல்கிறார் பிஷப், தான் மணக்கப்போகும் எமிலியிடம். அது அந்தக் காலத்துக் குருமனை. இன்றைய ஸ்வீடன் சபைக்கு அதைச் சாட்சியாக நிறுத்தினால் எடுபடாது. 2014இல் அங்கே ஆன்ட்யே யாக்கெலேன் என்ற பெண்ணே தலைமைப் பேராயரானார்.

சபையை மாற்றிப் போடுவதும் சகஜம். ‘ஃபர்ஸ்ட் ரிஃபார்ம்ட்’ லுத்தரன் கதை அல்ல, கால்வின் வழிவந்த சீர்திருத்த சபைக் கதை. ‘பிரேக்கிங் தி வேவ்ஸ்’ இயக்குநர் டென்மார்க்காரர் என்பதால் லுத்தரன் கதை என்று பலர் ஏமாறுகிறார்கள்; அதில் வருவது ஸ்காட்லாந்தின் கால்வினியச் சபை. நம்மூரிலும் இதே கதைதான். 1947இல் உருவான சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) லுத்தரன்கள் சேரவில்லை. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனி. ஆகவே 2013இல் சி.எஸ்.ஐ. பேராயரான புஷ்பா லலிதாவை லுத்தரன் கணக்கில் எழுதாதீர்கள்.

குறும்படம் எடுப்பவர்கள், கத்தோலிக்கர் குருவிடம் தனியாகப் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டை செட்டில் வைக்க வேண்டாம்; பாவ அறிக்கையை ஆராதனையில் சபையார் எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். டென்மார்க் கதையென்றால் பெண் போதகருக்கும் அதே கறுப்பு அங்கி, கழுத்தைச் சுற்றி அதே மடிப்பு மடிப்பான வெள்ளைக் காலர்தான். பெண் என்பதற்காகத் தனியாக எதுவும் தைக்க வேண்டியதில்லை.

பாஸ்டரம்மாவை, அதாவது போதகரின் மனைவியை, முழங்காலிட்டு அழுவதற்கு மட்டும் கூப்பிடாதீர்கள். ஞாயிறு பள்ளி, பெண்கள் கூட்டம், வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு என்று சம்பளமில்லாமல் நடக்கும் வேலை ஒரு ஷாட்டிலாவது வரட்டும். போதகரே பெண் என்றால் அந்த வேலையைக் கணவர் செய்கிறாரா, அவரே இரண்டையும் சுமக்கிறாரா என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதையில் முடிவு செய்துவிடுங்கள்.